குனிந்து பார்க்க ஒரு மலை

அருவி கிடையாது, பனி கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. ஆனாலும் சென்னைக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நடக்க வேண்டிய பாதை, குடியம் குகைப் பாதை.

திருவள்ளூரைத் தாண்டினாலும் அந்த மனை விற்பனைப் பலகைகள் நம்மை விடுவதில்லை. வயலுக்கு நடுவே வெள்ளையடித்த குத்துக்கற்கள், செம்மண் சரளை கொட்டிய தெருக்கள், நுழைவாயிலில் ஓர் அலங்கார வளைவு. அதன்மேல் ‘சென்னைக்கு மிக மிக அருகில்’. அக்கா மகன் ஒவ்வொரு பலகையையும் ராகம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு, அரையாண்டு விடுமுறை, பொதுத்தேர்வுக்கு முன் ஒருநாள் வெளியே போயே ஆகவேண்டும் என்று அடம். அவன் கேட்டது ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் நாகலாபுரம். அருவி, குளியல், அலைபேசியில் நூறு படம். நான் கூட்டிக்கொண்டு போனது குடியம்.

பூண்டி ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால், மேற்கில் ஒரு மலைத்தொடர் தெரியும். தொடர் என்று சொல்வதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டும். யாரோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருப்பது போல இருக்கும். பெயர் அல்லிக்குழி மலை.

“இதுவா மாமா மலை?” என்றான். குரலில் நாகலாபுரம் இன்னும் இருந்தது.

உயரம் போதாத மலை

அவன் கேட்டதில் தப்பில்லை. அல்லிக்குழி மலையின் உச்சிகூடக் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரைத் தொடாது. ஏற்காட்டின் கால்பங்கு உயரம். வடமேற்கில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மலைக்குப் பக்கத்தில் இது மேடு என்றுதான் சொல்லத் தோன்றும். மேகம் வந்து உட்காராது. மார்கழியில்கூட ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

குடியம் கிராமத்தின் கடைசி வீடு தாண்டியதும் காடு தொடங்குகிறது. அதுவும் நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய காடு அல்ல. களா, காரை, சூரை, நுணா, இடையிடையே ஈச்சம் புதர். ஆள் உயரத்துக்கு மேல் வளரவே யோசிக்கும் முள் காடு. சட்டையைப் பிடித்து இழுத்து, ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கும் காடு. ஒன்றும் விளையாத புறம்போக்கு என்று காரில் போகிறவர் கடந்துவிடுவார். ஆனால் காலையில் அரை மணி நேரம் பேசாமல் நடந்தால் மயில் அகவுவதும், செம்பூத்து தொண்டையைச் செருமுவதும், தவிட்டுக்குருவிக் கூட்டம் பங்காளிச் சண்டை போடுவதும் காதில் விழும்.

வனத்துறை அனுப்பிய வழிகாட்டி முன்னால் நடந்தார். அந்தப் பக்கத்து ஊர்க்காரர், கையில் ஒரு கம்பு, காலில் சாதாரண செருப்பு. எங்கள் காலில் விலை உயர்ந்த ஷூ. வழுக்கியது எங்களுக்குத்தான். பாதை முழுக்க உருண்டைக் கற்கள். கோழிமுட்டை அளவிலிருந்து இளநீர் அளவு வரை, வழவழப்பாக, பழுப்பும் சாம்பலும் இளஞ்சிவப்புமாக. கோலிக்குண்டு கொட்டிய தரையில் நடப்பது போலக் கால் உருண்டது.

“மலையில எப்படிண்ணே கூழாங்கல்லு? ஆத்துலதானே இருக்கும்?”

பையன் முதல்முறையாகச் சரியான கேள்வி கேட்டான். வழிகாட்டி நின்று திரும்பினார். “ஆறுதான் தம்பி. ஆறு ஓடின இடந்தான் இப்ப மலையா நிக்குது.”

இந்த மலையின் ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. டைனோசர்கள் உலவிய கிரேட்டேசியக் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பெருவெள்ளங்கள் உருட்டிக்கொண்டு வந்து குவித்த கற்கள் இவை. குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். மணலும் களியும் சேர்ந்து அவற்றை இறுக்கிப் பாறையாக்கின. தின்பண்டத்தில் சொன்னால், கடலை மிட்டாய். பாகு கரையக் கரைய, கடலை உதிர்ந்து பாதையில் விழுகிறது. நாங்கள் மிதித்து வழுக்கியது அந்தக் கடலையில்தான்.

கிராவல் குழியில் கிடைத்த கல்

கொஞ்ச தூரத்தில் வழிகாட்டி சட்டென்று குனிந்தார். ஒரு கல்லை எடுத்தார். உருண்டை அல்ல. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஓரத்தில் செதில் செதிலாகச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. “இது தானா உடைஞ்சதில்ல” என்று சொல்லி, ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். பையன் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு அவர் அதைக் கேட்டு வாங்கி, எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்துவிட்டார்.

இப்படி ஒரு கல்லுக்காகக் குனிந்த ஒருவரால்தான் இந்தியாவின் வரலாறு நீண்டது. 1863-ஆம் ஆண்டு மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது ஆங்கிலேயர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர், பல்லாவரம் ராணுவக் குடியிருப்புக்கு அருகே ஒரு சின்ன கிராவல் குழியைப் பார்த்தார். குழியிலிருந்து வெளியே அள்ளிக் கொட்டியிருந்த சரளையில் ஒரு கல் அவர் கண்ணை உறுத்தியது. மனிதன் செதுக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். டார்வினின் புத்தகம் வெளிவந்து நான்கே ஆண்டுகள். பிரான்சின் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செய்தவைதாம் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டதும் அதே 1859-இல்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பல்லாவரத்துச் சரளையை ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, கொசஸ்தலையாற்றுப் பக்கம் வந்தார் ஃபூட். அங்கே அத்திரம்பாக்கம் ஓடையில், அல்லிக்குழி மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கற்கருவிகள் அள்ள அள்ளக் கிடைத்தன.

ஃபூட்டுக்குத் தமிழோடு ஓர் உறவு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மாமனார் சொல் பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார். ஃபூட் சேகரித்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்துக்காக அரசு விலைக்கு வாங்கியது. 1912-இல் அவர் கல்கத்தாவில் இறந்தார். நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் படகு ஏறுகிறவர் ஆயிரம் பேர் என்றால், அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர் ஒருவர் இருப்பாரா தெரியாது.

அண்ணாந்து பார்த்த ஒரே இடம்

நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்திருப்போம். புதர் விலகியது. அதுவரை தரையையே பார்த்து நடந்த தலைகள் தாமாக நிமிர்ந்தன.

குகை என்றதும் இருட்டுப் பொந்து என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இது பாறைக் குடை. மலையின் ஒரு பக்கத்தைக் கீழே குடைந்து எடுத்துவிட்டு மேலே கூரையை மட்டும் விட்டுவைத்தது போல, பிரமாண்டமாக முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. கூரை முழுக்க அதே உருண்டைக் கற்கள், பாறையில் பதிந்து, எந்த நேரமும் விழத் தயார் என்பது போல. விழுந்தவற்றின் குழிகள் தேன்கூட்டின் அறைகளைப் போல இருந்தன. உண்மையான தேன்கூடுகளும் மேலே தொங்கின. “சத்தம் வேணாம் தம்பி, புகை வேணாம், சென்ட் வாசனைகூட ஆகாது” என்றார் வழிகாட்டி. பையன் காலையில் அடித்துக்கொண்டு வந்த வாசனைத் திரவியத்தை நினைத்து முகம் வெளுத்தான்.

குகையில் ஓர் அம்மன் இருக்கிறாள். மஞ்சள், குங்குமம், காய்ந்த மாலை. தொல்லியல் துறை 1960-களின் தொடக்கத்தில் இந்தக் குகையில் அகழாய்வு செய்தபோது பழைய கற்காலத்திலிருந்து நுண்கற்காலம் வரையிலான கருவிகள் கிடைத்தன. தங்க நிழல் இருக்கிறது, கீழே கல் இருக்கிறது, எட்டிய தூரத்தில் ஆறு இருக்கிறது. வேட்டையாடித் திரிந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த நிழலுக்கு அன்று ஒதுங்கியவன் போய்விட்டான். இன்று ஆடு மேய்ப்பவர் ஒதுங்குகிறார், அம்மனுக்குப் பொங்கல் வைப்பவர் ஒதுங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை நாமும் ஒதுங்குகிறோம். அம்மன் காலடியில் யாரோ விட்டுப்போன சிப்ஸ் உறை ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒதுங்கியவர்களில் நாம் விட்டுப்போகும் கருவி இதுதான் போலிருக்கிறது.

ஓர் அடிக்கு ஆயிரம் ஆண்டு

பையன் கேட்டான்: “சரி மாமா, எவ்வளவு பழசு?”

விடை பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இருக்கிறது. 1999-இலிருந்து அங்கே சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்தார்கள். ஆழமான குழிகளில், களிமண் படிவத்துக்குள், கைக்கோடரிகள் உட்பட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வெளிப்பட்டன. வயதைக் கண்டுபிடித்த முறை அழகானது. கல் வெயிலில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகளை உண்டாக்கும். மண்ணுக்குள் புதைந்ததும் அந்த வரவு நின்றுபோகும். பிறகு செலவுதான். அலுமினியம் வேகமாகக் கரையும், பெரிலியம் நிதானமாகக் கரையும். மிச்சமிருக்கும் இரண்டையும் ஒப்பிட்டால் கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் பார்த்துவிடலாம். பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த இந்தக் கணக்கு 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. சராசரி விடை, 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் பத்து லட்சத்துக்குக் குறையாது.

15 லட்சம் என்று சொன்னால் மனத்தில் ஒன்றும் பதியாது. ஆகவே திரும்பும் வழியில் ஒரு விளையாட்டு வைத்தேன். ஓர் அடிக்கு ஆயிரம் ஆண்டு. எண்ணிக்கொண்டே நட.

முதல் அடி வைத்ததும் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்திய காலம். இரண்டாவது அடியில் சங்கப் புலவர்கள். மூன்றாவது அடி தரையில் படுவதற்குள் கீழடி. நாம் நெஞ்சை நிமிர்த்திப் பேசும் 2,600 ஆண்டுகள் மூன்று அடிக்குள் முடிந்துவிட்டன. பையன் திரும்பிப் பார்த்தான். குகை அப்படியே பின்னால் நின்றது.

பத்தாவது, பன்னிரண்டாவது அடியில் உலகில் விவசாயம். முந்நூறாவது அடியில் நம் இனம், ஹோமோ சேபியன்ஸ், ஆப்பிரிக்காவில் தலைகாட்டுகிறது. அதோடு மனிதக் கதை முடிந்தது என்று பையன் நினைத்தான். நட என்றேன்.

385-ஆவது அடியில் நிறுத்தினேன். 2018-இல் ‘நேச்சர்’ இதழில் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் கிடைத்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, கனத்த கைக்கோடரியை விட்டுவிட்டு, திட்டமிட்டுச் சில்லு பெயர்க்கும் நுட்பத்துக்கு இங்கே மனிதர்கள் மாறியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று காட்டியது. அந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வெகு பிற்காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்து அதனால் ஆட்டம் கண்டது. செய்தவர்கள் யார்? அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. நம்மைப் போன்றவர்களா, நமக்கு முந்தியவர்களா என்று கல் வாய் திறக்கவில்லை.

அதற்கப்பால் எண்ணிக்கை நீண்டுகொண்டே போயிற்று. அறுநூறு. தொள்ளாயிரம். பையன் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணினான். ஆயிரத்து ஐந்நூறாவது அடியில் நின்றபோது குகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வந்துவிட்டோம்.

“இந்தக் கல்லெல்லாம் மலையா சேர்ந்தது எத்தனையாவது அடி?”

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பத்துக் கோடி ஆண்டு என்றால் ஒரு லட்சம் அடி. 70 கிலோமீட்டர். “அதுக்கு நீ நடந்தே சென்னைக்குப் போயிடணும்.”

“மிக மிக அருகில்” என்றான்.

முதலில் நடந்தவர்கள்

அத்திரம்பாக்கத்து ஆய்வில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி வயது அல்ல, வேறு ஒன்று. அந்தக் களிமண் படிவத்தில் கருவி செய்வதற்கேற்ற கல் இயற்கையாகக் கிடையாது. ஆகவே, அங்கே கிடக்கும் கைக்கோடரிகளும் அவற்றுக்கான பெரிய சில்லுகளும் வேறெங்கிருந்தோ வந்தவை. கல்லுக்கு எங்கே போவது? இந்த உருண்டைக் கற்கள் கொட்டிக் கிடக்கும் அல்லிக்குழி மலைச் சாரல் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் யாரோ நடந்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, வெடிப்பு உள்ளதைத் தள்ளி, நல்ல கல்லாகத் தேர்ந்து, பெரிய சில்லாக உடைத்து, நாளைக்கு வேண்டும் என்று தூக்கிக்கொண்டு ஆற்றுச் சமவெளிக்கு இறங்கியிருக்கிறார்கள். நாளை என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சமவெளியில் எருமையும் குதிரை இனமும் மேய்ந்ததற்குப் பல் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. விலங்குகளின் குளம்புத் தடங்கள்கூடச் சேற்றில் பதிந்து அப்படியே இறுகி இருந்தன. சுமந்தவர்களின் காலடித் தடம்தான் கிடைக்கவில்லை. அவர்கள் நடந்த வழி நாங்கள் நடந்த அதே ஒற்றையடிப் பாதை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மலைக்கும் அந்த ஆற்றுக்கும் நடுவே மனிதக் கால் போய்வருவது புதிதல்ல.

ஆறும் அதே ஆறுதான். கொசஸ்தலையாற்றைத் தடுத்துக் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க மேயராக இருந்து முயன்ற தீரர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமானார். அவர் பெயரில் ‘சத்தியமூர்த்தி சாகர்’ ஆயிற்று. கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் சேர்கிறது. நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதில் ஒரு பங்கு, கைக்கோடரி செய்தவன் கை குவித்துக் குடித்த அதே படுகையின் தண்ணீர். இந்த நகரத்தோடு அவனுக்கு இருக்கும் உறவை நிரூபிக்க இதற்கு மேல் பத்திரம் வேண்டுமா?

போகிறவர்களுக்கு

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுக்கள் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழகத்தில் தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் தான்தோன்றியாகப் போவது இப்போது சட்டப்படி குற்றம், அறிவுப்படியும் தவறு. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் எளிதான பாதைகளில் ஒன்று குடியம். இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். நாம் கட்டும் பணத்தால் கிடைக்கும் பெரிய லாபம் அந்த மனிதரின் கண். அது இல்லாமல் போனால் உங்கள் காலில் மிதிபடும் கல் வெறும் கல்லாகவே இருக்கும்.

மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. கோடையில் தீ அபாயத்தால் பாதை மூடப்படும், திறந்திருந்தாலும் வெயில் தாங்காது. திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. அதற்கப்பால் சொந்த வண்டி வசதி. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் குறையக் கூடாது, வழியில் கடை கிடையாது. முழுக்கை, முழுக்கால் உடை முள்ளுக்கு நல்லது. தேனீக்களை முன்னிட்டு வாசனைத் திரவியம் வேண்டாம்.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை 1985-இல் அமைத்த அகழ்வைப்பகத்தை நடப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கைக்கோடரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் வரும். பழகிய பிறகு ஒரே ஒரு கட்டுப்பாடு: பார்க்கலாம், எடுத்து வரக் கூடாது. கல் கிடந்த இடம்தான் அதன் முகவரி. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது அநாதைக் கல்.

திரும்பும் வழியில்

பூண்டியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பையன் காலையில் படித்த பலகைகள் எதிர்ப்பக்கமாக வரத் தொடங்கின. இந்த முறை ராகம் இல்லை. ஜன்னல் வழியாகச் சாலையோரச் செம்மண் குவியல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். லாரி லாரியாக அள்ளி வந்து கொட்டிய சரளை. எந்த மேட்டைத் தோண்டியதோ, எந்த ஓடைக் கரையைச் சுரண்டியதோ.

“மாமா, கொஞ்சம் நிறுத்துங்க.”

வயிற்றுக்கு ஏதோ என்று நினைத்து ஓரங்கட்டினேன். இறங்கி, குத்துக்கற்களைத் தாண்டி, விற்காத மனைகளுக்கு நடுவே போட்டிருந்த தெருவில் போய் நின்றான். அங்கிருந்த காவலாளி என்ன ஏதென்று எழுந்து வந்தார். “மனை பாக்கறீங்களா தம்பி? மூலை மனை ஒண்ணு இருக்கு.”

“இல்லண்ணே, சும்மா” என்றான் பையன், நிமிராமலே. அவன் சரளைக் குவியலின் முன் குனிந்து, விரலால் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.